ஒரு கன சென்டிமீட்டர் செம்பு

ஒரு கன சென்டிமீட்டர் செம்பில் எத்தனை அணுக்கள் இருக்கின்றன? மேல்நிலை வகுப்பு மாணவருக்கு இது மூன்று வரிக் கணக்கு. செம்பின் அடர்த்தி 8.96. ஆகவே அந்தத் துண்டின் நிறை 8.96 கிராம். அதை அணு நிறை 63.55-ஆல் வகுத்தால் 0.141 மோல். அவகாட்ரோ எண்ணால் பெருக்கினால் 8.49 × 10²². நம் வழக்கில் சொன்னால் ஏறத்தாழ 85 கோடி கோடி கோடி.

ஓய்வு பெறும்வரை அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுத்தவள் நான். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்ட கையோடு அடுத்த பாடத்துக்குப் போயாக வேண்டும், பீரியடு அவ்வளவுதான். ஆனால் அந்த மூன்று வரிகளையும் எழுத முடிவதற்கு முன்னால் மனிதர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. 8.96-ஐத் தண்ணீரும் தராசும் தந்தன. 63.55-ஐத் தர ஒரு நூற்றாண்டு வேதியியல் வேண்டியிருந்தது. 6.022 × 10²³ கிடைக்க வெள்ளி, மின்சாரம், எண்ணெய்த் துளி, எக்ஸ் கதிர் எல்லாம் தேவைப்பட்டன; கடைசியில் ஒரு பளபளப்பான உருண்டையும் சேர்ந்துகொண்டது. கண்ணுக்குத் தெரியாத அணுவை எண்ணிவிட்டோம் என்று இன்றைக்கு அடித்துச் சொல்ல முடிகிறது. ஒரு பொருள் எவ்வளவு கனக்கிறது, எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று சலிக்காமல் அளந்தவர்களால்தான் அது முடிந்தது என்று நான் நம்புகிறேன். அடர்த்திக்கு நம் பாடப் புத்தகங்களில் ஒரு பத்திதான் கிடைக்கிறது. அது எனக்கு எப்போதும் ஆற்றாமையாகவே இருந்திருக்கிறது.

சிராக்கூஸ் மன்னன் ஹீரோவின் கிரீடத்தையும் ஆர்க்கிமிடீஸ் தொட்டியிலிருந்து எழுந்து ஓடியதையும் எல்லோரும் அறிவார்கள். அந்தக் கதையை நமக்குச் சொன்னவர் விட்ருவியஸ் என்ற ரோமானியக் கட்டடக் கலைஞர். ஆர்க்கிமிடீஸ் இறந்து ஏறக்குறைய இருநூறு வருஷம் கழித்து எழுதினார். உண்மையில் உட்கார்ந்து, பாத்திரம் செய்து, உலோகம் உலோகமாக அளந்து பட்டியல் போட்டவர் என்று பார்த்தால் அல்-பிரூனியைத்தான் நான் முதலில் சொல்வேன். இந்தியாவைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய அதே அல்-பிரூனி. பதினோராம் நூற்றாண்டில், கஜினியில் இருந்தபோது, கூம்பு வடிவத்தில் ஒரு பாத்திரம் செய்தார். கழுத்து குறுகலாக இருக்கும். பக்கவாட்டில் ஒரு வளைந்த குழாய். பாத்திரம் நிறையத் தண்ணீர் ஊற்றி, எடை தெரிந்த தங்கத்தை உள்ளே போட்டால், அதே பருமனுள்ள தண்ணீர் குழாய் வழியாக வெளியே விழும். விழுந்த தண்ணீரை எடை போட்டார். தங்கம் அதே அளவு தண்ணீரைவிட 19 மடங்குக்குச் சற்று அதிகமாகக் கனக்கிறது என்று கண்டார். இன்றைய மதிப்பு 19.3. குறுகலான கழுத்தில்தான் அவருடைய சாமர்த்தியம் இருக்கிறது: வாய் அகலமான பாத்திரத்தில் சிறு துண்டைப் போட்டால் மட்டம் உயர்வதே தெரியாது. அவருடைய எண்களை எடுத்துப் பாதுகாத்தவர் மெர்வ் நகரத்து அல்-காசினி. 1121-இல் தராசைப் பற்றியே ஒரு முழு நூல் எழுதினார்.

இவர்கள் எல்லோரையும் ஈர்த்த கேள்வி கடைத்தெருக் கேள்விதான்: இது சுத்தத் தங்கமா, கலப்படமா? எங்கள் வீட்டிலும் அதே கேள்வி தினமும் வந்து போகும். அப்பா நகை ஆசாரி. உரைகல்லில் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் மாற்று தெரிந்த ஆணியால் இன்னொரு கோடு இழுத்து, இரண்டையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். ஆனால் உரைகல் மேல்தோலைத்தான் சொல்லும். பழைய நகையைக் கொண்டுவந்து யாராவது கொடுத்தால், உரைப்பதற்கு முன்னால் உள்ளங்கையில் வைத்து மேலும் கீழும் ஆட்டிப் பார்ப்பது அவர் பழக்கம். பார்வைக்குப் பெரிதாக இருந்து கையில் கனம் இறங்காவிட்டால், "உள்ளே அரக்கு இருக்கும்மா" என்பார். அட்டிகைப் பதக்கத்திலும் வங்கியிலும் அரக்கு நிரப்புவது வழக்கம்தான். விற்கும்போதும் அடகு வைக்கும்போதும்தான் அது வழக்காக மாறும். நிறையையும் பருமனையும் அவர் கையாலேயே ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். அதற்கு அடர்த்தி என்று பெயர் என்பதை நான் ஒன்பதாம் வகுப்பில் படித்துவிட்டு வந்து சொன்னபோது, "பெயர் என்னவாயிருந்தா என்ன, கைக்குத் தெரியணும்" என்றார்.

அடர்த்தியையும் ஏமாற்றலாம். டங்ஸ்டனின் அடர்த்தி 19.25, தங்கத்துக்குக் கிட்டத்தட்ட சமம். டங்ஸ்டன் கட்டிக்கு மேல் தங்கம் பூசினால் கையும் ஏமாறும், தண்ணீரும் ஏமாறும். ஒரு பொருள் எவ்வளவு நெருக்கமானது என்பதை அடர்த்தி சொல்லும். அது எந்த அணுவால் ஆனது என்பதைச் சொல்ல வேறு சாட்சி வேண்டும். இந்தச் சிக்கல் பின்னால் வேறு வடிவத்தில் திரும்ப வரப்போகிறது.

பள்ளி ஆய்வகத்தில் அடர்த்தி காணும் வேலையை ஒரு முறை பக்கத்தில் நின்று பார்த்தால் எவ்வளவு எச்சரிக்கை தேவை என்று புரியும். கண்ணாடிப் பெட்டிக்குள் தராசு. இடது தட்டுக்கு மேலாக, தட்டைத் தொடாதபடி, சின்ன மரப்பாலம். பாலத்தின் மேல் பீக்கரில் தண்ணீர். தராசுக் கொக்கியிலிருந்து மெல்லிய நூலில் செம்புத் துண்டு, பீக்கரின் பக்கத்தையும் அடியையும் தொடாமல், முழுக்க மூழ்கித் தொங்க வேண்டும். காற்றில் 8.96 கிராம் எடையுள்ள துண்டு தண்ணீரில் 7.96 கிராம் காட்டும். குறைந்த 1 கிராம்தான் அது விலக்கிய தண்ணீர். ஆகவே பருமன் 1 கன சென்டிமீட்டர். கேட்பதற்குச் சுலபம். ஆனால் குழாயிலிருந்து அப்போதே பிடித்த தண்ணீராக இருந்தால் செம்பின் மேல் குட்டிக் குமிழ்கள் ஒட்டிக்கொள்ளும். இரண்டு மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரே ஒரு குமிழ் தங்கிவிட்டால் போதும், பருமன் 4 மில்லிகிராம் தண்ணீர் அளவுக்குக் கூடிப்போகும், அடர்த்தி 8.92 ஆகிவிடும். அணுக் கணக்கில் அது 35 லட்சம் கோடி கோடி அணுக்கள் குறைந்ததற்குச் சமம். காய்ச்சி ஆறிய தண்ணீரை எடுங்கள், மெல்லிய தூரிகையால் குமிழைத் தட்டிவிடுங்கள், வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள் என்று நான் ஓயாமல் சொல்வேன். "எட்டுப் புள்ளி ஒன்பது வந்தா போதாதா டீச்சர்?" என்று கேட்பார்கள். தேர்வுக்குப் போதும்.

உலகத்துக்கு அது போதாமல் போன இடம் பாரிஸ். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு, எந்த அரசனுடைய உடைமையாகவும் இல்லாத அளவுகள் வேண்டும் என்று முடிவு செய்தார்கள். 1795 சட்டப்படி, உருகும் பனிக்கட்டியின் வெப்பநிலையில் ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீரின் நிறை ஒரு கிராம். அதாவது நிறையின் அலகையே அடர்த்தியின் மேல் கட்டினார்கள். அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் வேலை லெஃபெவ்ர்-ஜினோ, ஃபாப்ரோனி என்ற இருவரிடம் வந்தது. உள்ளீடற்ற ஒரு பித்தளை உருளையின் நீள அகலங்களை நுட்பமாக அளந்து, காற்றிலும் தண்ணீரிலும் எடை போட்டார்கள். தண்ணீர் மிக அடர்த்தியாக இருப்பது பனிக்கட்டி உருகும் நிலையில் அல்ல, 4 டிகிரி அருகே என்பதையும் கவனித்து, அதையே ஆதாரமாகக் கொண்டார்கள். அந்த முடிவின்படி செய்யப்பட்ட பிளாட்டினம் உருளை 1799 ஜூனில் பிரெஞ்சு ஆவணக் காப்பகத்தில் வைக்கப்பட்டது. அன்றிலிருந்து கிலோகிராம் என்றால் அந்த உலோகம்தான். தண்ணீர் பின்னுக்குப் போய்விட்டது.

நூறு வருஷம் கழித்து மீண்டும் கவனமாக அளந்து பார்த்தபோது, ஒரு கிலோகிராம் தண்ணீர் அடைத்துக்கொள்ளும் இடம் சரியாக 1000 கன சென்டிமீட்டர் இல்லை, 1000.028 என்று தெரிந்தது. பத்து லட்சத்தில் 28 பங்கு பிசகு. உலோகத்தை மாற்ற முடியாது. அதற்குள் உலகத்து வணிகமே அதன் மேல் நின்றது. அதனால் 1901-இல் லிட்டரின் வரையறையைத் தனியே பிரித்தார்கள். லிட்டரும் கன டெசிமீட்டரும் ஒன்றுதான் என்று நாம் இப்போது சாதாரணமாகச் சொல்கிறோம். 1901 முதல் 1964 வரை சட்டப்படி அவை ஒன்றல்ல. ஒரு பித்தளை உருளையின் பருமனில் நேர்ந்த மிகச் சிறிய பிழை அறுபது வருஷத்துக்கு மேல் அறிவியல் நூல்களில் அடிக்குறிப்பாக வாழ்ந்தது.

காப்பக உருளைக்குப் பதிலாக வந்ததுதான் சர்வதேச மூலக் கிலோகிராம். 90 பங்கு பிளாட்டினம், 10 பங்கு இரிடியம். லண்டனில் ஜான்சன் மாத்தி நிறுவனத்தில் ஜார்ஜ் மாத்தி 1879-இல் வார்த்துக் கொடுத்தார். உயரமும் குறுக்களவும் 39 மில்லிமீட்டர் அருகே. 1889-இல் இதுவே உலகத்துக்குக் கிலோகிராம் என்று ஏற்கப்பட்டு, பாரிஸுக்கு வெளியே செவ்ரில் உள்ள சர்வதேச எடை அளவுகள் அலுவலகத்தில், ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்த கண்ணாடிக் குடுவைகளுக்குள் வைக்கப்பட்டது.

ஏன் அவ்வளவு விலை உயர்ந்த உலோகம்? துரு ஏறாது, தேயாது என்பது பாதிக் காரணம். மறுபாதி அடர்த்தி. கலவையின் அடர்த்தி 21.5, ஒரு கிலோ அடைக்கும் இடம் 46.5 கன சென்டிமீட்டர்தான். நாம் எதை எடை போட்டாலும் காற்றில்தான் போடுகிறோம், காற்றும் தண்ணீரைப் போலவே பொருளைத் தாங்குகிறது. ஒரு கன சென்டிமீட்டர் காற்று 1.2 மில்லிகிராம். பிளாட்டினம் கிலோவைக் காற்று 56 மில்லிகிராம் அளவுக்குத் தாங்கும். அதே ஒரு கிலோ துருப்பிடிக்காத எஃகு 125 கன சென்டிமீட்டர் அடைக்கும். அதைக் காற்று 150 மில்லிகிராம் தாங்கும். இரண்டையும் ஒரு தராசில் வைத்து முள் நடுவில் நின்றால், அவை சமம் இல்லை; எஃகு 94 மில்லிகிராம் கூடுதல். அடர்த்தி தெரியாமல் எடையே போட முடியாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட எனக்கு வேறு உதாரணம் தெரியாது. மூலக் கிலோகிராமின் படிகளில் இந்தியாவுக்கு வந்தது 57-ஆம் எண்; புது டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. ரேஷன் கடைப் படிக்கல்லில் அடிக்கப்படும் முத்திரையும் அப்பாவின் தராசுப் படிகளில் இருந்த முத்திரையும் படிப்படியாகப் போய்ச் சேர்ந்த இடம் அந்த உருளைதான்.

இரண்டாவது வரிக்கு வருவோம். 63.55 என்பது செம்பு அணு மற்ற அணுக்களோடு ஒப்பிட்டால் எவ்வளவு கனம் என்று சொல்லும் எண். டால்டன் 1808-இல் தொடங்கி வைத்ததைப் பெர்ஸீலியஸ் போன்றவர்கள் ஆக்ஸைடுகளை எடை போட்டு எடை போட்டு வளர்த்தார்கள். ஆனால் ஒரு செம்பு அணுவோடு எத்தனை ஆக்ஸிஜன் சேர்கிறது என்று தெரியாமல் எல்லாம் இரட்டிப்பாகவோ பாதியாகவோ போய்விடும் அபாயம் இருந்தது. உலோகங்களுக்கு 1819-இல் டூலாங், பெட்டி என்ற இருவர் ஒரு வழி காட்டினார்கள்: தன் வெப்பத்தை அணு நிறையால் பெருக்கினால் கிட்டத்தட்ட ஒரே எண் வருகிறது. செம்புக்கு 0.385 × 63.5 = 24.4, வெள்ளிக்கு 0.235 × 107.9 = 25.4. ஒவ்வோர் அணுவும் சூட்டைச் சமமாகவே வாங்கிக்கொள்கிறது என்றால், சூட்டை அளந்தே அணுவின் கனத்தைச் சரிபார்க்கலாம். குழப்பம் முழுக்கத் தீர 1860 கார்ல்ஸ்ரூ மாநாடும், அங்கே விநியோகிக்கப்பட்ட கன்னிஸாரோவின் சிறு பிரசுரமும் வேண்டியிருந்தன.

இவ்வளவும் ஒப்பீடுதான். வெள்ளி அணு செம்பு அணுவைப் போல 1.7 மடங்கு என்று தெரியும். ஒரு அணு எத்தனை கிராம் என்று ஒருவருக்கும் தெரியாது. அவகாட்ரோவுக்கும் தெரியாது. அவர் பெயரால் நாம் மனப்பாடம் செய்யும் எண்ணை அவர் பார்த்ததே இல்லை, 1856-இல் இறந்துபோனார். அந்தப் பெயரை 1909-இல் வைத்தவர் ஜான் பெரின்.

முதன்முதலில் எண்ணத் துணிந்தவர் வியன்னாவில் ஒரு பள்ளி ஆசிரியர். யோசஃப் லோஷ்மிட். பொஹீமியாவில் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1865-இல் அவர் செய்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். காற்றின் பிசுபிசுப்பை வைத்து, ஒரு மூலக்கூறு இன்னொன்றில் மோதாமல் சராசரியாக எவ்வளவு தூரம் போகும் என்று மேக்ஸ்வெல் ஏற்கெனவே கணக்கிட்டிருந்தார். அதிலிருந்து மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் அவற்றின் குறுக்களவின் இருபடியும் சேர்ந்த ஒரு பெருக்கல் கிடைக்கும். இரண்டு தெரியாதவை, ஒரே சமன்பாடு. தனித்தனியே பிரிக்க முடியாது. லோஷ்மிட் இரண்டாவது சமன்பாட்டை அடர்த்தியிலிருந்து எடுத்தார். வாயு திரவமாகும்போது மூலக்கூறுகள் கிட்டத்தட்ட ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. ஆகவே திரவத்தின் அடர்த்தியையும் வாயுவின் அடர்த்தியையும் ஒப்பிட்டால், வாயுவில் உண்மையாகவே நிரம்பிய இடம் எத்தனை பங்கு என்று தெரியும். அதில் எண்ணிக்கையும் குறுக்களவின் முப்படியும் வருகின்றன. இரண்டையும் வகுத்தால் குறுக்களவு தனியே விழுந்துவிடும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு என்று விடை வந்தது. சில மடங்கு அதிகம்தான். ஆனால் அதுவரை வெறும் கருதுகோளாக இருந்த ஒன்றுக்கு ஒரு பள்ளி ஆசிரியர் அளவு கொடுத்துவிட்டார்.

அடுத்த பெரிய அடி வெள்ளியில் விழுந்தது. வெள்ளி நைட்ரேட் கரைசலில் மின்சாரம் செலுத்தினால் வெள்ளி படியும். எவ்வளவு மின்சாரம் போனதோ அதற்கு நேர்விகிதத்தில் படியும் என்பது ஃபாரடே 1830-களில் கண்ட விதி. ஒவ்வொரு வெள்ளி அயனியும் ஒரே ஒரு எலெக்ட்ரானை வாங்கிக்கொண்டு அணுவாகிறது என்பதால், படிந்த வெள்ளியை எடை போடுவது எலெக்ட்ரான்களை எண்ணுவதற்குச் சமம். கேம்பிரிட்ஜில் ராலே பிரபுவும் அவர் மைத்துனி எலினோர் சிட்விக்கும் செய்து 1884-இல் வெளியிட்ட அளவீட்டைப் பற்றி என் மாணவிகளிடம் தவறாமல் சொல்வேன். எதிர்மின்வாயாக ஒரு பிளாட்டினக் கிண்ணம், அதில் கரைசல். நேர்மின்வாய் வெள்ளித் தகடு, வடிதாளில் சுற்றப்பட்டது. உதிரும் துகள் கிண்ணத்தில் விழுந்து எடையைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக. மின்னோட்டத்தை நிறுத்தியதும் கரைசலை வடித்து, படிந்த வெள்ளியைத் திரும்பத் திரும்பக் கழுவி, சூடாக்கி உலர்த்தி, ஆறவைத்து எடை போட வேண்டும். கழுவுவதில் அவசரப்பட்டால் நைட்ரேட் தங்கி எடை கூடும். முரட்டுத்தனமாகக் கழுவினால் வெள்ளிப் படிகங்கள் உதிர்ந்து எடை குறையும். அவர்களுக்கு வந்தது ஒரு ஆம்பியருக்கு, ஒரு வினாடிக்கு, 1.118 மில்லிகிராம். அந்த எண் அவ்வளவு நம்பகமாக இருந்ததால் பிற்பாடு ஆம்பியரையே அதை வைத்து வரையறுத்தார்கள். எலினோர் சிட்விக் 1892-இல் நியூன்ஹாம் மகளிர் கல்லூரியின் முதல்வரானார்.

107.87 கிராம் வெள்ளியை 0.001118-ஆல் வகுத்தால் ஒரு மோல் வெள்ளிக்கு வேண்டிய மின்சாரம் சுமார் 96,485 கூலூம் என்று வருகிறது. ஒரு எலெக்ட்ரானின் மின்னூட்டம் தெரிந்துவிட்டால் ஒரே வகுத்தலில் அவகாட்ரோ எண் கைக்கு வரும். மில்லிகன் எண்ணெய்த் துளிகளை மின்புலத்தில் மிதக்கவைத்து அந்த மின்னூட்டத்தை அளந்தார். அதற்கு 1923-இல் நோபல் பரிசும் பெற்றார். அவர் எண்ணை வைத்தால் 6.06 × 10²³ கிடைக்கும். ஒரு தலைமுறை இயற்பியலாளர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

அது தவறு என்று காட்டிக்கொடுத்தது அடர்த்தி. தங்கத்தையே எடுத்துக்கொள்வோம். தங்கப் படிகம் முகப்பு மையக் கனசதுரம், ஒவ்வொரு சின்னக் கனசதுரத்துக்கும் நான்கு அணுக்கள் கணக்கு, பக்கம் 0.4078 நானோமீட்டர். நான்கு அணுக்களின் மோல் நிறை 787.9 கிராம். அதை அடர்த்தி 19.3-ஆலும் கனசதுரத்தின் பருமனாலும் வகுத்தால் 6.02 × 10²³. எண்ணெய்த் துளியும் வேண்டாம், எலெக்ட்ரானும் வேண்டாம். தண்ணீரில் எடுத்த அடர்த்தியும் எக்ஸ் கதிரில் எடுத்த இடைவெளியும் போதும். ஆனால் ஒரு முடிச்சு இருந்தது. 1913-இல் ப்ராக் தந்தையும் மகனும் சாப்பாட்டு உப்பின் அணு இடைவெளியைக் கண்டதே, அவகாட்ரோ எண்ணைத் தெரிந்ததாக எடுத்துக்கொண்டு, உப்பின் அடர்த்தியிலிருந்துதான். அந்த இடைவெளியை வைத்து எக்ஸ் கதிரின் அலைநீளம். அந்த அலைநீளத்தை வைத்து மற்ற படிகங்களின் இடைவெளி. அதிலிருந்து அவகாட்ரோ எண்ணைத் திரும்ப எடுத்தால், போட்ட காசுதான் திரும்ப வரும்.

1925-இல் காம்ப்டனும் டோனும் முடிச்சை அவிழ்த்தார்கள். நெருக்கமாகக் கோடுகள் கீறிய உலோகப் பரப்பில் எக்ஸ் கதிரை மிகச் சாய்வாக விழவைத்து, படிகத்தின் உதவி இல்லாமல் அலைநீளத்தை நேரடியாக அளந்தார்கள். அதன்பின் பேக்லின், பியர்டன் போன்றவர்கள் அந்த அளவீட்டைக் கூர்மையாக்கக் கூர்மையாக்க, விடை 6.02 அருகே வந்து நின்றது, 6.06-க்குப் போகவே இல்லை. பல வருஷம் வாக்குவாதம். கடைசியில் பிழை மில்லிகன் பயன்படுத்திய காற்றின் பிசுபிசுப்பு மதிப்பில் இருந்தது என்று 1930-களில் தெளிவாயிற்று. அவருடைய துளிகளில் குற்றமில்லை. அவை விழுந்த காற்றைப் பற்றிய ஓர் எண் சற்றே குறைவாக இருந்தது.

இதற்குப் பிறகு போட்டி புள்ளிக்கு அடுத்த ஆறாவது, ஏழாவது, எட்டாவது இலக்கத்துக்கு. இங்கே ஒரு மாணவி கேட்ட கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது: "இதைச் செம்பிலேயே செய்திருக்கலாமே டீச்சர், ஏன் சிலிக்கான்?" செம்பு முடியாது. உலோகக் கட்டி என்று நாம் பார்ப்பது எண்ணற்ற சிறு படிகங்கள் திசைக்கு ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும் கூட்டம். ஒற்றைப் படிகமாகவே வளர்த்தாலும் அணுக்கள் வரிசை தவறுவதும் இடம் காலியாக விட்டுப்போவதும் உண்டு. மென்மையானது, தொட்டால் வடு விழும். மாறாக, கணினிச் சில்லு செய்பவர்களுக்காக உலகம் பல பத்தாண்டுகள் உழைத்துக் குறையில்லாமல் வளர்த்துப் பழகிய ஒரே படிகம் சிலிக்கான். அது உலோகப்போலி, ஆனாலும் உலோகத்தின் சிம்மாசனத்தில் கடைசியாக அதுவே உட்கார்ந்தது. 1974-இல் அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய அலுவலகத்தில் டெஸ்லாட்டஸ் குழு சிலிக்கான் படிகத்தின் இடைவெளியை எக்ஸ் கதிர்க் குறுக்கீட்டு மானியால் அளந்து, அடர்த்தியோடு சேர்த்து, பத்து லட்சத்தில் ஒரு பங்கு துல்லியத்தை எட்டியது.

அங்கேதான் தங்கத்துக்கும் டங்ஸ்டனுக்கும் நேர்ந்த சிக்கல் வேறு உருவில் வந்தது. இயற்கையான சிலிக்கானில் 28, 29, 30 என்று மூன்று ஐசோடோப்புகள். எந்தப் பங்கில் கலந்திருக்கின்றன என்பது நூல் பிசகாமல் தெரியாவிட்டால் சராசரி அணு நிறை தெரியாது. அடர்த்தியை எவ்வளவு நுட்பமாக அளந்தும் பயனில்லை. தண்ணீரும் கைவிட்டது: அதன் அடர்த்தியும் ஐசோடோப்புக்கு ஐசோடோப்பு மாறும், தொடக்கத்தில் நிறைக்கே ஆதாரமாக இருந்த தண்ணீரை இந்தத் துல்லியத்தில் நம்ப முடியவில்லை. ஆகவே இரண்டையும் தவிர்த்தார்கள். ரஷ்யாவில், அணுகுண்டு யுகத்தின் மையவிலக்கிகளைக் கொண்டு, சிலிக்கான்-28-ஐ மட்டும் 99.99 சதவீதத்துக்கு மேல் பிரித்தெடுத்தார்கள். பெர்லினில் 2007-இல் அதை ஐந்து கிலோ ஒற்றைப் படிகமாக வளர்த்தார்கள். ஆஸ்திரேலியாவில் ஆக்கிம் லைஸ்ட்னரின் பட்டறையில் அதிலிருந்து ஒரு கிலோ உருண்டைகள் இரண்டைக் கையால் மெருகேற்றி எடுத்தார்கள். உருண்டைக்கு முனை இல்லை, உடையாது. குறுக்களவு ஒன்று தெரிந்தால் பருமன் தெரியும். குறுக்களவு 93.7 மில்லிமீட்டர். ஒளியின் குறுக்கீட்டால் எண்ணற்ற திசைகளில் அதை நானோமீட்டருக்கும் கீழான துல்லியத்தில் அளந்தார்கள்.

உருண்டையின் பருமனை ஒரு சின்னக் கனசதுரத்தின் பருமனால் வகுத்து, எட்டால் பெருக்கினால் அணுக்களின் எண்ணிக்கை. 2.15 × 10²⁵. பள்ளிக் கணக்குதான், மாற்றமே இல்லை. கஷ்டமெல்லாம் தோலில் இருந்தது. உருண்டையின் மேல் சில நானோமீட்டர் ஆக்ஸைடு படலம். அதன் நிறையைக் கழிக்க வேண்டும். 2011-இல் வெளிவந்த முதல் முடிவுகளின்போது, மெருகேற்றும் வேலையில் செம்பும் நிக்கலும் துளித்துளியாக மேற்பரப்பில் ஏறியிருந்தது தெரியவந்தது. அரித்து நீக்கி, ஜெர்மனியில் மறுபடி மெருகேற்றி, மறுபடி அளந்தார்கள்.

இவ்வளவு அவசரத்துக்குக் காரணம் செவ்ரில் இருந்த உருளை. 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதையும் அதன் படிகளையும் ஒப்பிட்டபோது, நூறு வருஷத்தில் ஒன்றுக்கொன்று 50 மைக்ரோகிராம் அளவுக்கு விலகியிருந்தன. மூலம் இளைத்ததா, படிகள் பெருத்தனவா என்று கேட்கவே முடியாது. வரையறைப்படி மூலம் எப்போதும் சரியாக ஒரு கிலோ. 50 மைக்ரோகிராமை 195-ஆல் வகுத்து அவகாட்ரோ எண்ணால் பெருக்கிப் பாருங்கள்: சுமார் 1500 கோடி கோடி பிளாட்டினம் அணுக்கள். அணுக்களை எண்ணத் தெரிந்த உலகம், அத்தனை அணு எங்கே போயிற்று என்று சொல்ல முடியாத ஒரு கட்டியின் மேல் எல்லா எடையையும் வைத்திருந்தது.

மின்காந்தத்தால் எடை போடும் கிப்புள் தராசு ஒரு பக்கம், சிலிக்கான் உருண்டை மறுபக்கம். முற்றிலும் வேறுபட்ட இரண்டு வழிகளும் ஒரே விடையில் வந்து சேர்ந்த பிறகுதான் துணிந்தார்கள். 2018 நவம்பர் 16 அன்று வெர்சாய் நகரில் நாடுகள் வாக்களித்தன. 2019 மே 20 முதல் புதிய வரையறைகள் நடைமுறைக்கு வந்தன. கிலோகிராமைப் பிளாங்க் மாறிலி தாங்குகிறது. அவகாட்ரோ எண் 6.02214076 × 10²³ என்று நிலைநிறுத்தப்பட்டது; இனி அதில் பிழை வரம்பு கிடையாது.

இதில் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. "12 கிராம் கார்பன்-12-இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கையே ஒரு மோல்" என்று நாங்கள் சொல்லிக்கொடுத்தது இப்போது வரையறை அல்ல. ஒரு மோல் கார்பன்-12 எத்தனை கிராம் என்பது சோதனையில் அளந்து சொல்ல வேண்டிய எண். 12-க்கு மிக மிக அருகில் இருக்கும், அவ்வளவே. புதிய மேல்நிலைப் புத்தகம் கையில் வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, பழைய வாசகம் இருந்தால் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லிவிடுங்கள். செவ்ர் உருளை இன்னும் அதே குடுவைகளுக்குள்தான் இருக்கிறது. வரையறை மாறிய அன்று அதன் நிறையும் அளந்தறிய வேண்டிய எண்ணாகிவிட்டது: ஒரு கிலோகிராம், கூடவோ குறையவோ 10 மைக்ரோகிராம்.